விளாதிமிர் டியாரா: 15 கொக்கிகளோடு ஐந்து மாதம்

நாட்டிய நகைகளும் நாடக மேடைக்கான நகைகளும் செய்து கொடுப்பது என் தொழில். நெற்றிச்சுட்டி, ராக்கொடி, ஒட்டியாணம் எல்லாம் கைக்குப் பழகியவை. அக்கா மகளின் கல்லூரி நாடகத்தில் ஓர் ஐரோப்பிய அரசி வருகிறாள். மூன்று காட்சிகள், மூன்று உடைகள். ஒவ்வொன்றுக்கும் தனியாகத் தலை நகை செய்ய அவர்களிடம் பணம் இல்லை. "சித்தி, ஒன்றையே மூன்றாக மாற்றிக்கொள்ள முடியாதா?" என்று கேட்டாள். அன்று இரவுதான் மறைந்த பிரிட்டன் அரசி இரண்டாம் எலிசபெத்தின் விளாதிமிர் டியாராவின் படங்களை ஒழுங்காக உட்கார்ந்து பார்த்தேன்.

கிரீடம் தலையை முழுவதும் சுற்றி நிற்கும். டியாரா பின்பக்கம் திறந்தது, குதிரை லாடத்தைப் போல. விளாதிமிர் டியாராவில் 15 வைர வளையங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒவ்வொரு வளையத்தின் நடுவிலும் ஒரு தொங்கல். முத்துகளை மாட்டினால் ஒரு கோலம். அவற்றைக் கழற்றிவிட்டு மரகதங்களை மாட்டினால் இன்னொரு கோலம். எதையும் மாட்டாமல் வெறும் வளையங்களோடும் எலிசபெத் அணிந்திருக்கிறார். நகை ரசிகர்கள் இந்த மூன்றாவது கோலத்தை 'விதவை' என்று ஆங்கிலத்தில் குறிப்பிடுவதுண்டு. எனக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. வளையங்களின் பின்னலை முழுதாகக் காட்டுவது அந்தக் கோலம் ஒன்றுதான். நான் இந்தப் பதிவில் 'வெறுங்கோலம்' என்றே எழுதுகிறேன்.

அசல் நகை ரஷ்யாவில் பிறந்தது. ஜார் அரச குடும்பத்துக்கு நகை செய்த போலின் நிறுவனம், கிராண்ட் டச்சஸ் மரியா பாவ்லோவ்னாவுக்காகச் செய்தது. அவர் கிராண்ட் டியூக் விளாதிமிரை மணந்தது 1874இல். டியாராவின் பெயர் அந்தக் கணவரிடமிருந்து வந்தது. 1917 புரட்சியின்போது மரியா தெற்கே போய்விட, நகைகள் பெட்ரோகிராடு அரண்மனையின் பெட்டகத்தில் தங்கிவிட்டன. ஆல்பர்ட் ஸ்டாப்ஃபோர்டு என்ற ஆங்கிலேய நண்பர் ரகசியமாக உள்ளே போய் அவற்றை எடுத்து லண்டனுக்குக் கொண்டு சேர்த்தார். 1920இல் மரியா பிரான்சில் இறந்தார். டியாரா மகள் எலெனாவுக்கு வந்தது. 1921இல் அவரிடமிருந்து அரசி மேரி, எலிசபெத்தின் பாட்டி, வாங்கினார்.

அதுவரை இது முத்து டியாராதான். மேரிதான் 1924இல் கரார்ட் நகைக்கடையிடம் கொடுத்து, முத்துகளுக்குப் பதிலாகத் தன்னிடம் இருந்த 15 மரகதங்களையும் தொங்கவிடும்படி மாற்றச் சொன்னார். அந்த மரகதங்களுக்கு 'கேம்பிரிட்ஜ் மரகதங்கள்' என்று பெயர். மேரியின் பாட்டியான கேம்பிரிட்ஜ் கோமாட்டி, பிராங்க்ஃபர்ட்டில் லாட்டரிச் சீட்டில் ஒரு பெட்டி நிறைய மரகதம் பரிசாக வென்றார். அந்தப் பெட்டியிலிருந்து வந்தவை இவை. 1911 டில்லி தர்பாருக்கு மேரி அணிந்துவந்த மரகத நகைகளும் அதே பெட்டியிலிருந்து செய்தவைதான். பட்டை தீட்டாமல் கூழாங்கல்போல வழவழப்பாக உருட்டிய கற்கள். அச்சில் வார்த்ததுபோல ஒரே அளவிலும் இல்லை. இந்தக் கடைசி விவரம் பிறகு எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

வேலைக்கு வருகிறேன்.

வளையங்களைக் கம்பியில் வளைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். 3 மி.மீ. அகலப் பட்டைக் கம்பியை அதன் விளிம்புவாக்கில் வட்டமாக வளைத்தால் உள்பக்கம் சுருங்கி வெளிப்பக்கம் மெலிந்துவிடுகிறது. இரண்டு வளையங்கள் ஒன்றுபோல வரவில்லை. லேத் பட்டறையில் 34 மி.மீ. வெளி விட்டமும் 3 மி.மீ. சுவரும் உள்ள பித்தளைக் குழாயைக் கொடுத்து, 1.5 மி.மீ. கனத்துக்கு வெண்டைக்காய் நறுக்குவதுபோலச் சீவி வாங்கினேன். 15 போதும், 18 வாங்கினேன். மூன்று உபரியும் கடைசியில் செலவாகிவிட்டன.

அடுத்தடுத்த வளையங்கள் 10 மி.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வைத்தால் மொத்த நீளம் 370 மி.மீ. வருகிறது. பெண்ணின் தலைச்சுற்று 550 மி.மீ. அளவில் இருக்கும். ஆகவே ஒரு காதின் பின்னிருந்து மறுகாதின் பின்வரை சரியாக வந்து நிற்கும்.

இனி பின்னல். ஒவ்வொரு ஜோடி வளையமும் மேலே ஓரிடத்திலும் கீழே ஓரிடத்திலும் வெட்டிக்கொள்கிறது. 14 ஜோடி, 28 வெட்டுமிடம். ஒன்றின்மேல் ஒன்றை அப்படியே வைத்தால் 3 மி.மீ. மேடு தட்டும், பக்கவாட்டில் பார்த்தால் அசிங்கமாக இருக்கும். தச்சர்கள் இரண்டு சட்டங்களைப் பாதிப் பாதி செதுக்கிப் பொருத்துவார்களே, அதுபோல இரண்டு வளையங்களிலும் பாதிக் கனம், அதாவது 0.75 மி.மீ., அரத்தால் ராவி எடுத்தேன். ஆக 56 பள்ளங்கள். ஒரு பள்ளத்துக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. ஆழம் ஒரு மயிரளவு கூடினாலும் பொருத்து தளர்ந்து ஆடும். குறைந்தால் மேடு தட்டும். உபரி வளையங்களில் இரண்டு இங்கேதான் போயின.

பொருத்தி வைத்துப் பார்த்தால் பின்னல் போலவே இல்லை. சில்லறைக் காசுகளைச் சரித்து அடுக்கியதுபோல இருந்தது. வேலை சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் கண் ஏற்கவில்லை. அசலின் படத்தைப் பெரிதாக்கி ஒரு மணி நேரம் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. பிறகு ஒட்டப்போகும் கற்களுக்காக நான் மேல் வெட்டிலும் கீழ் வெட்டிலும் இடது வளையத்தின் கல் வரிசையையே தொடர்ச்சியாக ஓட விட எண்ணிக் குறித்திருந்தேன். மேலே இடது வளையத்தின் வரிசை அறுபடாமல் ஓடினால், கீழே வலது வளையத்தின் வரிசை அறுபடாமல் ஓட வேண்டும். அப்போதுதான் ஒன்று மற்றொன்றுக்குள் நுழைந்து வெளியே வருவதாகக் கண் நம்புகிறது. உலோகம் ஒரே தளத்தில்தான் இருக்கிறது. கல் வரிசை எங்கே அறுபடுகிறது என்பதை மாற்றிக் குறித்தவுடன், தட்டையாகக் கிடந்தது சங்கிலியாக எழுந்து நின்றது. இந்த வேலை முழுவதிலும் எனக்கு அதிக மகிழ்ச்சி தந்த நிமிடம் அதுதான்.

பற்றவைப்பில் ஒரு பாடம் கற்றேன். 28 வெட்டுமிடங்களையும் தரையில் தட்டையாக வைத்துப் பொடி (சூட்டில் உருகி இணைப்பை ஒட்டவைக்கும் உலோகக் கலவை) வைத்து நெருப்பு ஊதி முடித்துவிட்டு, கவிழ்த்த அலுமினியப் பாத்திரத்தின்மேல் வைத்து மெல்ல வளைத்தேன். ஏழாவது, எட்டாவது வளையங்களுக்கு நடுவே "டிக்" என்று ஒரு சத்தம். பிறகு இன்னொரு சத்தம். இரண்டு இணைப்புகள் விட்டுவிட்டன. அவற்றை மறுபடி ஊதப்போனால் பக்கத்து இணைப்பில் பொடி உருகி ஓடியது.

எங்கள் தெருவில் தங்க வேலை செய்யும் பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "வளைத்துவிட்டு ஊத வேண்டியதை ஊதிவிட்டு வளைத்திருக்கிறீர்கள் அம்மா," என்றார். "பக்கத்து இணைப்புக்குக் காவி பூசினீர்களா?" இல்லை என்றேன். காவிப் பொடியைத் தண்ணீரில் குழைத்து, உருகக் கூடாத இடத்தில் பூசிக் காயவிட வேண்டும். காவி இருக்கும் இடத்தில் பொடி ஓடாது. எனக்குத் தெரிந்த விஷயம்தான். நெற்றிச்சுட்டியில் ஒன்றிரண்டு இணைப்பு மட்டும் இருப்பதால் அதன் தேவை வந்ததில்லை.

எல்லாவற்றையும் பிரித்தேன். வளையங்களை ஒவ்வொன்றாகக் காய்ச்சி ஆற்றி மெதுவாக்கி, பாத்திரத்தின் வளைவுக்கு ஏற்பப் பள்ளங்களைச் சற்றுச் சாய்வாக ராவி, நடு வளையத்திலிருந்து தொடங்கி இடமும் வலமுமாக மாறி மாறிப் பற்றவைத்துக்கொண்டே போனேன். கடினப் பொடி முதலில், எளிதில் உருகும் பொடி கடைசியில். வெண்காரக் கறையைப் புளி கரைத்த வெந்நீரில் போட்டு எடுத்தேன். இந்த முறை ஓர் இணைப்பும் விடவில்லை.

உடைந்த அந்த இரண்டு இணைப்புகளால் இரண்டு நாள் தூக்கம் போயிற்று. அசல்களும் உடைந்திருக்கின்றன. விளாதிமிர் டியாராவின் சட்டத்தையே 1988இல் கரார்ட் புதிதாகச் செய்து மாற்ற வேண்டியிருந்தது. நூறாண்டுக்கு மேல் தாங்கிய சட்டம். இன்னொரு டியாரா இதைவிட மோசமான நேரத்தில் உடைந்தது. 1919இல் மேரிக்காகச் செய்த விளிம்புக் கதிர் டியாரா, கழுத்து மாலையாகவும் அணியக்கூடியது. 1947 நவம்பர் 20, எலிசபெத்தின் திருமண நாள் காலையில், தலையில் வைக்கும்போது அதன் சட்டம் முறிந்தது. நகைக்காரர் அதைப் பட்டறைக்கு எடுத்துக்கொண்டு ஓடிச் சரிசெய்து திரும்பினார். திருமணப் படங்களில் நடுக் கதிரின் அருகே சிறு இடைவெளி இன்றும் தெரிகிறது. அந்தப் பட்டறையில் அன்று அரம் பிடித்த கையை நினைத்துக்கொள்வேன்.

கொக்கிகளைப் பற்றி நீளமாகவே சொல்ல வேண்டும். ஐந்து மாதத்தில் இரண்டு மாதம் அவற்றுக்கே போனது. அசலில் எந்த வகைக் கொக்கி என்று நான் பார்த்ததில்லை. இவை என் வழிகள்.

முதலில் சாதாரணத் திறந்த கொக்கி. மாட்டுவது நொடியில் முடிந்தது. அக்கா மகள் தலையில் வைத்துக்கொண்டு ஒருமுறை வேகமாகத் தலையைத் திருப்பினாள். மூன்று முத்துகள் கட்டிலுக்கு அடியில் ஓடின.

அடுத்து மூடிய வளையம், குறடால் திறந்து மூடுவது. உறுதியாக இருந்தது. ஆனால் பித்தளைக் கம்பியைத் திறந்து மூட, திறந்து மூட அது முறுக்கேறி நொறுங்கும். நான்காவது முறை மாற்றும்போது இரண்டு முறிந்தன.

மூன்றாவது, நமக்கு மிகவும் பழக்கமான வழி: தோட்டின் திருகாணி. ஒவ்வொரு தொங்கலுக்கும் பின்னால் ஒரு மரை, ஒரு திருகாணி. அழகாகப் பிடித்தது. ஆனால் 15 திருகாணிகளைக் கழற்றி 15 திருகாணிகளைப் போட 25 நிமிடம் ஆகிறது. காட்சிகளுக்கு நடுவே கிடைப்பது ஆறு நிமிடம்.

கடைசியில் வழி காட்டியது சமையலறைக் குடம். வயிறு அகலம், கழுத்து ஒடுக்கம். 0.8 மி.மீ. கம்பியில் கொக்கியை அந்த வடிவில் வளைத்தேன்: வளையத்தின் உச்சியில் பின்புறமாகக் கீழே இறங்கி, குடம்போல அகன்று, மேலே வரும்போது நெருங்கிவிடுகிறது. கழுத்தின் இடைவெளி 0.7 மி.மீ. தொங்கலின் தலையில் உருண்டைக் கம்பிக்குப் பதிலாகத் தட்டைப் பட்டையால் ஒரு காது வைத்தேன். பட்டையின் அகலம் 1.2 மி.மீ., கனம் 0.5 மி.மீ. தொங்கல் நேராகத் தொங்கும்போது 1.2 மி.மீ. அகலம் கழுத்துக்குக் குறுக்கே நிற்கிறது. எவ்வளவு குலுக்கினாலும் 0.7 இடைவெளியில் அது வெளியேறாது. தொங்கலை விரலால் கிடைமட்டமாகத் தூக்கினால் பட்டை திரும்பி, அதன் 0.5 கனம் கழுத்துக்கு நேராக வருகிறது. தானாக வழுக்கி வெளியே வந்துவிடும். தலையைக் குனிந்து வணங்கும்போது தொங்கல் முன்னால் ஆடி அந்த நிலைக்கு வரக்கூடும்; ஆனால் அப்போது எடை கழுத்தின் பக்கம் இழுப்பதில்லை, வேறு திசையில் இழுக்கிறது. அதனால் விழுவதில்லை.

போர்வையை விரித்து, மேலே டியாராவைத் தலைகீழாகப் பிடித்து நூறு முறை உதறினேன். ஒன்பதாவது கொக்கியிலிருந்து மட்டும் ஒன்று விழுந்தது. அளந்தால் கழுத்து 0.9 மி.மீ. இருந்தது. 0.7 மி.மீ. துளை ஊசியை இடையில் வைத்து எல்லாக் கொக்கிகளையும் மறுபடி நெருக்கினேன். பிறகு ஒன்றும் விழவில்லை.

வெள்ளி முலாம் பூசக் கொடுத்தபோது ஒரு தவறு நடந்தது. கொக்கிகளைத் தொடாதீர்கள் என்று எழுதித் தரவில்லை. மெருகேற்றும் சக்கரத்தில் வைத்துத் தேய்த்ததில் ஆறு கொக்கிகள் நசுங்கித் திரும்பி வந்தன. இப்போது முலாமுக்குக் கொடுக்கும் எதிலும் மெழுகு நூலைச் சுற்றிக் கட்டித்தான் கொடுக்கிறேன்.

கற்களை முலாமுக்குப் பிறகுதான் ஒட்டினேன், அதுவும் இரண்டு குழாய்களில் வருவதைக் கலந்து பூசும் பசையால். 2 மி.மீ. வெள்ளைக் கல் சங்கிலி. இவற்றின் அடியில் உள்ள பளபளப்புப் பூச்சு சூட்டில் கருகிவிடும் என்பதால் நெருப்பு ஆகாது. அசலின் மேல் விளிம்பில் வளைந்து ஓடும் வைர நாடாவை நான் எளிமையாக்கி ஒற்றை வரிசையாக வைத்தேன். நேரம் இல்லை.

இனி தொங்கல்கள். முத்துகள் எளிது: 8 மி.மீ. அகலக் கண்ணாடி முத்து, நீர்த்துளி வடிவம். பச்சைக் கற்களில்தான் கணக்குத் தப்பியது. வளையத்தின் உள் விட்டம் 28 மி.மீ. இருக்கிறதே என்று 13-க்கு 18 மி.மீ. அளவில் 15 கற்கள் வாங்கிவிட்டேன். கல்லைப் பிடிக்கும் உலோகக் கூடு கட்டியதும் அகலம் 15 மி.மீ. ஆயிற்று. தொங்கவிட்டால் இரண்டு பக்கமும் இடித்துக்கொண்டு கோணலாக நின்றது. வளையம் 28 மி.மீ. திறந்திருந்தாலும், இடமும் வலமும் இருந்து பக்கத்து வளையங்கள் உள்ளே புகுந்து வருகின்றனவே! நடுவில் மிஞ்சும் சன்னல் 14 மி.மீ. மட்டும். வரைபடத்தில் இதை முதல் நாளே கண்டிருக்க வேண்டும். 10-க்கு 14 மி.மீ. கற்களை வாங்கி மறுபடி கூடு கட்டினேன்; 12 மி.மீ. அகலம், பக்கத்துக்கு 1 மி.மீ. இடம். அவற்றிலும் இரண்டு மூன்று கொஞ்சம் பருமனாகவும் சில மெலிந்தும் வந்தன. கேம்பிரிட்ஜ் மரகதங்களும் அப்படித்தான் என்று அவற்றை மாற்றாமல் விட்டுவிட்டேன். நடுவில் பெரியது, ஓரத்துக்குப் போகப் போகச் சிறியது என்று வரிசைப்படுத்தி, ஒவ்வொரு காதின் உள்பக்கமும் எண் கீறி வைத்திருக்கிறேன். அவசரத்தில் ஐந்தாவதை எட்டாவதில் மாட்டினால் கண் உடனே உறுத்தும்.

அணிவதிலும் வித்தியாசம் இருக்கிறது. முத்து ஒன்று ஒரு கிராம். 15 கிராமோடு போயிற்று. பச்சைக் கல் கூட்டோடு சேர்த்து இரண்டு கிராமுக்கு மேல். மொத்தம் 33 கிராம், எல்லாம் முன்பக்கம். முத்துக் கோலத்தில் சும்மா உட்கார்ந்த டியாரா, பச்சைக் கோலத்தில் நெற்றியில் வழுக்கி இறங்கியது. டியாராக்களின் அடிப்பட்டையில் அணிபவரின் கூந்தல் நிறத்திலேயே நாடா சுற்றுவது பழைய வழக்கம். உலோகம் தலையில் வழுக்காது, கொண்டை ஊசி குத்த இடமும் கிடைக்கும். கறுப்பு வெல்வெட் நாடாவை நெருக்கமாகச் சுற்றி, இரு முனைகளிலும் உள்ள வளையங்களில் ஒரு மீள்நாடாவைக் கோத்துக் கூந்தலுக்கு அடியில் மறைத்துக் கட்டினேன். இரண்டு பக்கமும் சிறு பின்னல் போட்டு அதில் ஊசியைக் குத்தியதும் அசையவில்லை.

அடிப்பட்டையையும் கழற்றி மாட்டும்படி செய்யலாமா என்று ஓர் ஆசை வந்தது. 1893இல் மேரிக்குத் திருமணப் பரிசாக வந்த 'பிரிட்டன், அயர்லாந்துப் பெண்களின் டியாரா' அப்படிப்பட்டது. 1947இல் பேத்தி எலிசபெத்துக்கு அதைக் கொடுத்தபோது மேல்பகுதியும் அடிப்பட்டையும் தனித்தனியாக இருந்தன. 1969இல்தான் மறுபடி ஒன்றாகச் சேர்த்தார்கள். என் வேலையில் பட்டைதான் முதுகெலும்பு. அதைக் கழற்றினால் 28 இணைப்புகளும் ஆடும். விட்டுவிட்டேன்.

வெறுங்கோலத்துக்குத் தனி வேலை எதுவும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். கழற்றினால் ஆயிற்று. முதல்முறை எல்லாத் தொங்கல்களையும் எடுத்துவிட்டு விளக்கருகே பிடித்தபோது முகம் வாடிவிட்டது. ஒவ்வொரு வளையத்தின் உச்சியிலும் கொக்கியின் தண்டு கறுப்புப் புள்ளியாகத் தெரிந்தது. வளையங்களின் உள்விளிம்பில் பசை வழிந்த தடம் தெரிந்தது. மூன்றாவது வளையத்தில் அரம் வழுக்கிய கீறல் தெரிந்தது. தொங்கல் ஆடும்வரை கண் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறது. அது போனதும் சட்டத்தின் ஒவ்வொரு அங்குலத்தையும் பார்க்கத் தொடங்குகிறது. எட்டு நாள் உட்கார்ந்து, உள்விளிம்புகளை மரக்குச்சியில் சுற்றிய உப்புத்தாளால் தேய்த்து, பசையைச் சுரண்டி, முலாம் தேய்ந்த இடங்களுக்குத் தொட்டுப் பூசி, கொக்கித் தண்டுகளின் முன்னால் ஒற்றைக் கல் ஒன்றை ஒட்டி மறைத்தேன். அதன் பிறகு தொங்கல்கள் இல்லாதபோது ஏதோ காணவில்லை என்று தோன்றவில்லை. நகையே அப்படித்தான் என்று நின்றது. முத்தோடும் பச்சையோடும் பார்க்கும்போதுகூட முன்பைவிடத் தெளிவாகத் தெரிந்தது.

நாடகத்தன்று திரைக்குப் பின்னால் நான்தான் நின்றேன். முதல் காட்சி பச்சை: சிவப்பு உடை, கூடத்தில் விருந்து. நடக்கும்போது கற்கள் வளையங்களில் மெல்லத் தட்டி ஒலித்தன. ஒரு மில்லிமீட்டர் இடைவெளியின் விளைவு. முத்துகள் அப்படி ஒலிக்கவில்லை. இரண்டாம் காட்சிக்கு மாற்ற நான்கு நிமிடம் ஆயிற்று. என் கை நடுங்கியதில் அரை நிமிடம் கூடுதல். மூன்றாவதில் அரசி நாட்டை இழந்து வருகிறாள். தொங்கல்களை எடுக்கும்போது அவளே கண்ணாடியைப் பார்த்து, "சித்தி, இது போதும். வேறு எதுவும் வேண்டாம்," என்றாள். காதிலிருந்த தோடுகளையும் கழற்றிக் கொடுத்துவிட்டு மேடைக்குப் போனாள்.

இப்போது அது என் மேசையில் இருக்கிறது. 14ஆம் வளையத்தின் அருகில் இரண்டு கல் உதிர்ந்திருக்கிறது. பசை வாங்க வேண்டும். மேல் விளிம்பின் நாடாவை அசலைப் போல வளைத்து ஓட விடுவதற்கான கம்பியையும் வெட்டி வைத்துவிட்டேன்.